மூக்குக்குப் பக்கத்தில் எரிவதை முதலில் நிறுத்துங்கள்

கேட்கப்பட்ட கேள்வி இது: "எண்ணூரில் அனல்மின் நிலையங்கள், மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, சாலையில் லட்சக்கணக்கான வண்டிகள். இவற்றுக்கு நடுவே சென்னையில் வாழும் ஒரு சாதாரணக் குடும்பம் தன் அன்றாடப் பழக்கங்களை மாற்றிக்கொண்டால் காற்று மாசு உண்மையிலேயே குறையுமா? குறையுமென்றால் எதிலிருந்து தொடங்குவது?"

குறையும். ஊர் முழுவதற்கும் குறைவது கொஞ்சம்தான். உங்கள் வீட்டிலும் தெருவிலும் இருப்பவர்கள் சுவாசிக்கும் மாசு குறைவது நிறைய. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் எதிலிருந்து தொடங்குவது என்பது தெளிவாகிவிடும்.

அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி 200 மீட்டருக்கு மேல் உயரம். அங்கிருந்து வரும் தூசி பரவி, நீர்த்து, பல கிலோமீட்டர் தள்ளித்தான் தரைக்கு வருகிறது. தெருமுனையில் முழங்கால் உயரத்தில் எரியும் குப்பையின் புகையோ நேராக எதிர்வீட்டு ஜன்னலுக்குள் போகிறது. அறைக்குள் கிளம்பும் புகை இன்னும் மோசம். வீட்டுக்குள் வெளியாகும் ஒரு கிராம் மாசு, வெளியே வெளியாகும் அதே ஒரு கிராமைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அதிகமாக மனித நுரையீரலுக்குள் போய்ச் சேர வாய்ப்புண்டு என்பது இத்துறையில் இருப்பவர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. ஆகவே எத்தனை கிலோ என்பதோடு, எவ்வளவு அருகில், எந்த நேரத்தில் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. நுரையீரலின் ஆழம்வரை போவது பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள், 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவும். தலைமுடியின் தடிமன் 50 முதல் 70 மைக்ரான். இந்தியாவில் ஒரு நாள் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் வரை அனுமதி. ஆண்டுச் சராசரி 40. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு ஒரு நாளுக்கு 15, ஆண்டுக்கு 5. கீழே வரும் எண்களை இந்த 60-ஐ மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சருகும் குப்பையும்

முதல் இடம் இதற்குத்தான். பெரிய செலவில்லாமல், முழுக்க நம் கையில் இருக்கும் ஒரே பெரிய மூலம் இது.

காய்ந்த இலையைக் கொளுத்துவதில் என்ன தவறு என்று பலரும் நினைக்கிறார்கள். குவித்துக் கொளுத்திய சருகு கொழுந்துவிட்டு எரிவது சில நிமிடங்கள்தான். அதன்பின் உள்ளே காற்று போகாமல் மணிக்கணக்கில் புகைகிறது. நுண்துகளும் கார்பன் மோனாக்சைடும் மிகுதியாகக் கிளம்புவது அந்தக் கட்டத்தில்தான். அதோடு பால் கவர், பிஸ்கட் உறை, தெர்மாகோல் எல்லாம் கலந்திருக்கும். பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் கலந்த பொருள் குறைந்த சூட்டில் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் போன்ற நச்சுகள் உண்டாகின்றன. டையாக்சின் சாம்பலோடு மண்ணில் தங்கி, அங்கே மேயும் கோழி, மாடு வழியாக முட்டைக்கும் பாலுக்கும் வந்துவிடும்.

நேரமும் முக்கியம். பெரும்பாலும் விடிகாலையில் கூட்டி, அப்போதே கொளுத்துகிறார்கள். மார்கழி, தை மாதங்களில் இரவில் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்று குளிராகவும் அதற்கு மேலுள்ள காற்று சற்று வெப்பமாகவும் இருக்கும். குளிர்காற்று மேலே எழாது. புகையும் அதோடு கீழேயே கிடக்கும். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் கலைகிறது. எனவே காலை ஆறு மணிக்கு மூட்டிய தீ, நண்பகலில் மூட்டியதைவிடப் பல மடங்கு அதிகமாக நம் மூச்சுக்குள் போகிறது.

கொளுத்தாமல் சருகை என்ன செய்வது? தோட்டம் உள்ள வீட்டுக்கும் அடுக்ககத்துக்கும் ஒரே வழிதான்: கம்பிவலை வளையம். இரும்புக் கடையில் மூன்றடி உயர வெல்டு மெஷ் 10 அடி நீளம் வாங்கி, வளைத்து இரு முனைகளையும் கம்பியால் கட்டினால் மூன்றடி விட்டத்தில் ஒரு கூண்டு கிடைக்கும். மண் தரையில், நிழலில், சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். அடியில் அரை அடிக்குச் சுள்ளி, தேங்காய் மட்டைத் துண்டு போட்டால் கீழிருந்து காற்று வரும். மேலே அரை அடி சருகு, அதன்மேல் இரண்டு அங்குலம் பச்சை: காய்கறித் தோல், வெட்டிய புல், பூமாலைக் கழிவு. ஒரு கிலோ சாணத்தை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். சாணம் கிடைக்காத இடத்தில் புளித்த மோர் போதும். இப்படியே அடுக்கிக்கொண்டு போகலாம்.

இது ஏன் பல வீடுகளில் தோற்கிறது என்று சொல்கிறேன். சருகை மட்டும் போட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் அப்படியே கிடக்கும். சருகில் கரிச்சத்து அதிகம், தழைச்சத்து குறைவு. நுண்ணுயிர் பெருக, கரி 25 முதல் 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு வேண்டும். அதற்குத்தான் பச்சைக் கழிவும் சாணமும். இரண்டாவது தவறு ஈரம். நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். சொட்டே வராவிட்டால் தண்ணீர் தெளியுங்கள். ஒழுகினால், நாற்றம் வந்தால், சருகோ தென்னை நார்க்கழிவோ கலந்து கிளறுங்கள். மூன்றாவது, குவியல் சிறிதாக இருப்பது. மூன்றடிக்கு மூன்றடி இருந்தால்தான் உள்சூடு 55 டிகிரியைத் தொடும். பூந்தொட்டி அளவில் சூடு நிற்காது. சோறு, மீன் கழிவு போட்டால் எலி வரும், போடாதீர்கள். 15 நாளுக்கு ஒருமுறை கிளறினால் இரண்டு மூன்று மாதத்தில் உரமாகும். மா, பாதாம் போன்ற தடித்த இலைக்கு இரட்டிப்புக் காலம் ஆகும். சாக்கில் கட்டி மிதித்து நொறுக்கிப் போட்டால் சீக்கிரம் மக்கும். ஐப்பசி மழைக்கு மேலே ஒரு தகரம் மூடினால் போதும். பாம்பு வருமே என்று அஞ்சுபவர்கள் உண்டு. தவறாமல் கிளறப்படும் குவியலைவிட, மூலையில் பல மாதம் தொடாமல் கிடக்கும் மட்டைக் குவியலில்தான் அதற்கு வாய்ப்பு அதிகம்.

தென்னை ஓலையும் மட்டையும் கூண்டில் மக்காது. ஓலையைத் துடைப்பத்துக்குச் சீவிய பிறகு, மட்டையை முழ நீளத்துக்கு வெட்டி மரத்தடியில் குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி பரப்புங்கள். மண்ணின் ஈரம் காயாமலும் இருக்கும்.

மக்காத குப்பையில் ஒரே ஒரு பழக்கம்: பால் கவரையும் மாவுப் பாக்கெட்டையும் கழுவி, காயவைத்து, ஒரு பையில் சேர்த்து வாரம் ஒருமுறை தூய்மைப் பணியாளரிடம் கொடுப்பது. ஈரமும் நாற்றமும் சேர்ந்த பிளாஸ்டிக்கை எவரும் பிரித்தெடுப்பதில்லை. அது குப்பைமேட்டுக்குப் போய், அங்கே தீப்பிடிக்கும்போது எரிகிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றியெரிந்து அணைக்கப் பல நாள் ஆனதைச் சென்னைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். டயப்பரையும் நாப்கினையும் கொல்லையில் எரிக்கும் வழக்கம் பல வீடுகளில் ரகசியமாக நடக்கிறது. ஈரப்பஞ்சும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த அது முழுதாக எரியவே எரியாது. காகிதத்தில் சுற்றி, சிவப்பு மையால் ஒரு அடையாளமிட்டுத் தனியாகக் கொடுங்கள்.

தெருவில் கூட்டிய சருகைப் பணியாளரே கொளுத்துவதையும் பார்க்கலாம். கையில் ஒரு தள்ளுவண்டி, அதில் இடமில்லை, அள்ளிப் போக லாரி வரவில்லை என்னும்போது வேறு என்ன செய்வார்? அவரிடம் சண்டை போடுவதில் பயனில்லை. தெருவுக்கு இரண்டு கம்பிவலைக் கூண்டு வைத்து "இதில் போடுங்கள்" என்று சொன்னால், அவருக்கும் சுமை குறையும்.

போகியும் தீபாவளியும்

மேலே சொன்ன குளிர்காலக் காற்றின் நிலையை நினைவில் வைத்தால், போகி ஏன் ஆண்டின் மோசமான விடியல்களில் ஒன்றாகிறது என்பது புரியும். ஊர் முழுக்க ஒரே நேரத்தில், புகை மேலே எழாத அந்த நேரத்திலேயே தீ மூட்டுகிறோம். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாயின. சில வேறு ஊருக்குத் திருப்பப்பட்டன. அன்றைய வீட்டில் பழையது என்றால் கிழிந்த கோரைப்பாயும் தேய்ந்த துடைப்பமும். இன்றைய பழையது பிளாஸ்டிக் பாய், பாலியஸ்டர் துணி, ரெக்சின் பை, டயர். சடங்கு வேண்டுமென்று விரும்புகிறவர்கள் வாசலில் ஒரு கைப்பிடி காய்ந்த வைக்கோலோடு நிறுத்திக்கொள்ளலாம். டயரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். குழந்தைகள் பஞ்சர் கடையிலிருந்து உருட்டி வருவதைத் தடுப்பது பெரியவர்களின் வேலை.

தீபாவளிக்கு உச்ச நீதிமன்றம் 2018-ல் விதித்த கட்டுப்பாட்டின்படி தமிழகத்தில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வகுக்கப்பட்டது. சரவெடிக்கும், வெடிமருந்தில் சேர்க்கும் பேரியம் உப்புக்கும் தடை. நேரத்தைவிட எந்த வெடி என்பதுதான் வீட்டில் முடிவு செய்ய வேண்டியது. புனேயில் செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் 2016-ல் வெளியிட்ட அளவீட்டில், பக்கத்தில் நிற்பவர் சுவாசிக்கும் நுண்துகள் மிக அதிகமாக இருந்தது பெரிய சத்தம் போடும் சரவெடியில் அல்ல. சத்தமே இல்லாத பாம்பு மாத்திரையில். அதன் உச்ச அளவு 64,000 மைக்ரோகிராமுக்கும் மேல். சோதித்தவற்றில் அடுத்தது சரவெடி. ஆபத்தில்லாதது என்று நாம் சின்னக் குழந்தையின் கையில் கொடுப்பது அந்த மாத்திரையைத்தான். குழந்தையும் குனிந்து முகத்தை அருகில் வைத்துத்தான் பார்க்கும். வாங்கும் பட்டியலில் அதை முதலில் அடியுங்கள். கம்பி மத்தாப்பைக் கையை நீட்டி, காற்று நம் முதுகிலிருந்து அடிக்கும் பக்கம் நின்று பிடிக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள்

கொசுவர்த்திச் சுருளை முதலில் வெளியே அனுப்புங்கள். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டு எரிந்தால் வருவதற்குச் சமம் என்று கண்டார்கள். அதை ஜன்னல் சாத்திய படுக்கையறையில், கட்டிலுக்கடியில், இரவு முழுக்க வைக்கிறோம். வேப்பிலைப் புகையும் சாண வறட்டிப் புகையும் இயற்கையானவை என்பதால் நுரையீரலுக்குச் சலுகை எதுவும் இல்லை. மாற்று என்ன? ஜன்னலுக்கு வலை, அதை ஓரம் முழுக்க வெல்க்ரோ பட்டையால் ஒட்டுங்கள், ஆணியடித்தால் இடுக்கு விழும். படுக்கைக்குக் கொசுவலை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிட்டு ஏழெட்டு நாளில் பறக்கத் தொடங்கும் என்பதால், வாரம் ஒருநாள் பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்தட்டு, ஏ.சி. தண்ணீர் வாளி ஆகியவற்றைக் கொட்டிக் கழுவுங்கள். வலை போட முடியாத இடத்தில் திரவ மருந்துக் கருவி, சுருளைவிட மேல். ஆனால் அதுவும் பூச்சிமருந்துதான். ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும்.

ஊதுபத்தி ஒரு கிராம் எரிந்தால் ஏறத்தாழ 45 மில்லிகிராம் நுண்துகள்; சிகரெட்டில் அது 10. பூஜையை நிறுத்தச் சொல்லவில்லை. நல்லெண்ணெய் விளக்கு ஏற்றுங்கள், ஊதுபத்தியை ஒன்றாகக் குறையுங்கள், பால்கனி கதவைத் திறந்து வையுங்கள். குழந்தை குளித்ததும் மூடிய அறையில் தலைக்குச் சாம்பிராணி காட்டுவதை விட்டுவிடுங்கள். மின்விசிறிக்கு எட்ட உட்கார்ந்து துண்டால் துவட்டினாலே முடி காயும்.

சமையலறையில் விறகோடு ஒப்பிட்டால் சமையல் எரிவாயு மிகச் சுத்தம். ஆனாலும் சுடரைப் பாருங்கள். நீலமாக, விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். மஞ்சளாக ஆடினால், பாத்திரத்தின் அடி கறுத்தால், காற்று போதவில்லை என்று பொருள். பர்னர் மூடியை ஆறவிட்டுக் கழற்றி, வெந்நீரில் சோடா உப்பும் எலுமிச்சைச் சாறும் விட்டு அரைமணி ஊறவைத்து, துளைகளைக் குண்டூசியால் குத்தி எடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் சுடர் வெடித்து வெடித்து எரியும். அதன்பிறகும் மஞ்சள் போகாவிட்டால் அடியிலுள்ள குழாயில் எட்டுக்காலி கூடு கட்டியிருக்கலாம். அதற்கு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், நீங்களே பிரிக்க வேண்டாம்.

தாளிப்பும் பொரிப்பும்தான் சமையலறையின் பெரிய நுண்துகள் மூலங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை நெடி ஏறியபின் போடுவதே எல்லோர் வழக்கமும். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே போட்டு, அணைத்தபின் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். ஃபேனுக்கு ஒட்டியுள்ள ஜன்னலைச் சாத்திவிட்டு, எதிர்ப்புறக் கதவைத் திறங்கள். பக்கத்து ஜன்னல் திறந்திருந்தால் அது அந்தக் காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். புகை அடுப்படியில் அப்படியே நிற்கும். சிம்னி வாங்குவோர் குழாய் வழியாக வெளியே தள்ளும் வகையை வாங்குங்கள். வளைவு குறைவாக, ஒன்றோ இரண்டோ மட்டும் இருக்கட்டும். குழாய் இல்லாத வகை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்துவிட்டு மீதியை அறைக்கே திருப்பிவிடுகிறது.

கிராமத்திலும் புறநகரிலும் வெந்நீருக்கு இன்னும் விறகடுப்புதான். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 100 லிட்டர் சூரிய வெந்நீர்க் கலம் போதும். மாடியில் இரண்டு சதுர மீட்டர் இடம் வேண்டும். அது முடியாதவரை விறகைக் காயவையுங்கள். முனையில் வெடிப்பு விழுந்து, ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும் விறகே காய்ந்த விறகு. மணிக்கட்டுத் தடிமனுக்குப் பிளந்து, அடியில் கம்பி வைத்து உயர்த்தி அடுக்குங்கள், கீழிருந்து காற்று போகட்டும். பற்றவைக்கப் பிளாஸ்டிக் கவரைச் செருகும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தென்னம்பாளையும் பன்னாடையும் அதைவிட நன்றாகப் பிடிக்கும்.

வண்டி

தமிழகத்தில் பதிவான வண்டிகளில் ஐந்தில் நான்குக்கு மேல் இருசக்கர வாகனம். எனவே அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

மிகவும் பயன் தரும் மாற்றம் குறுகிய பயணத்தை நடையாகவோ சைக்கிளாகவோ ஆக்குவது. வண்டியின் சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி சூடேறிய பிறகே நச்சுவாயுவை மாற்றத் தொடங்கும். முக்குக் கடைக்குப் பால் வாங்கப் போய்த் திரும்புவதற்குள் அது சூடாகியே இருக்காது. அந்த ஒரு கிலோமீட்டரில் வரும் புகை, நெடும்பயணத்தின் ஒரு கிலோமீட்டரைவிடப் பலமடங்கு கெட்டது. தினமும் தூரம் போகிறவர்களுக்கு மாநகரப் பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ. வாரத்தில் ஐந்து நாளும் முடியாவிட்டால் இரண்டு நாள் போங்கள். எரிக்காத பெட்ரோலுக்கு நிகரான வடிகட்டி கிடையாது.

சைலன்சரை மாற்றிச் சத்தம் கூட்டுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பல வண்டிகளில் கழற்றிப் போடும் அந்தப் பழைய சைலன்சரோடு கன்வெர்ட்டரும் போய்விடுகிறது.

பராமரிப்பில் கவனிக்க வேண்டியவை சில. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் வகை என்றால் சோப்பு நீரில் அலசிக் காயவைத்து, சில சொட்டு எண்ணெய் தடவிப் பிழிந்து மாட்டலாம். காகித வகையைக் கழுவவே கூடாது. எண்ணெய் பூசிய காகித ஃபில்டரில் காற்றடித்தால் கிழிந்து தூசி உள்ளே போகும். கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள். நம் சாலைத் தூசிக்கு இன்னும் சற்று முன்பே மாற்றுவது நல்லது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெளிர் காப்பி நிறத்தில் இருக்க வேண்டும். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது: ஃபில்டர் அடைப்பு அல்லது சோக் ஒட்டிக்கொண்டது. எண்ணெய்ப் பசை இருந்து, சைலன்சரிலிருந்து நீலம் கலந்த வெள்ளைப் புகையும் வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது: பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்துவிட்டது. பழுதே இல்லாத வண்டியில் இதே புகை வந்தால் ஆயிலை, அளவு பார்க்கும் குச்சியின் மேல்கோட்டுக்கு மேல் ஊற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். அதிகப்படி ஆயில் ஏர் ஃபில்டர் பெட்டி வழியாக இன்ஜினுக்குள் போய் எரியும்.

புகைச் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். பெட்ரோல் வண்டிக்கு அங்கே அளப்பது கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும், நுண்துகளை அளப்பதில்லை. ஆயில் புகைவிடும் வண்டியும் தேறிவிடலாம். ஆனால் சான்றிதழ் கட்டாயம். பி.எஸ்.-4, பி.எஸ்.-6 (பாரத் ஸ்டேஜ் என்னும் இந்தியப் புகை வரம்பு நிலைகள்) வண்டிகளுக்கு ஓராண்டு, அதற்கு முந்தையவற்றுக்கு ஆறு மாதம் செல்லும். இல்லாவிட்டால் 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம்.

காலையில் வண்டியை ஐந்து நிமிடம் உறுமவிடுவது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். பி.எஸ்.-6 வண்டிக்கு அது தேவையே இல்லை. கிளப்பி, முதல் சில நூறு மீட்டர் மெதுவாகப் போனால் போதும். சிக்னலில் இன்னும் 30 விநாடிக்கு மேல் காட்டினால் இன்ஜினை நிறுத்துங்கள். பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் வேன்களும் கார்களும் இதைச் செய்தாக வேண்டும். அந்தப் புகைக்குழாய்க்கு நம் மூக்கைவிட அருகில் இருப்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் மூக்கு.

மின்சார வண்டி வாங்கலாமா? அடுத்து வாங்குவதாக இருந்தால், வாங்கலாம். மின்சாரத்தில் ஒரு பகுதி நிலக்கரியிலிருந்துதான் வருகிறது, டயரும் பிரேக்கும் தேயும் தூசி அதிலும் உண்டு. ஆனால் நெரிசலில் பின்னால் நிற்பவரின் முகத்தில் புகை அடிக்காது. நன்றாக ஓடும் வண்டியை அவசரமாக மாற்ற வேண்டியதில்லை. ஓட்டத்தைக் குறைத்தாலே பயன் உண்டு.

கட்டட வேலையும் ஜெனரேட்டரும்

வீடு கட்டும்போதும் புதுப்பிக்கும்போதும் ஒரு குடும்பம் உண்டாக்கும் தூசி, அது பல ஆண்டு உண்டாக்குவதைவிட அதிகம். எம்-சாண்ட் இறக்கியதும் தார்ப்பாய் போட்டு ஓரத்தில் செங்கல் அடுக்குங்கள். டைல்ஸையும் கிரானைட்டையும் தண்ணீர் விட்டு அறுக்கும்படி மேஸ்திரியிடம் வேலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். உலர வைத்து அறுத்தால் பறக்கும் வெள்ளைத் தூளில் சிலிக்கா இருக்கிறது. அறுப்பவரின் நுரையீரலை முதலில் அரிக்கும். ஒரு வாளித் தண்ணீரும், மெல்லிய குழாயும், கூட ஒரு கையாளும் இருந்தால் முடிந்துபோகிற காரியம். அறுக்கும் இடத்தில் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கர் இருக்க வேண்டும். மாலையில் தெருவைக் கூட்டும் முன் தண்ணீர் தெளியுங்கள். வாசல் தெளித்துக் கூட்டும் வழக்கத்தின் பயனும் அதுதான்.

அடுக்ககத்தில் இருப்பவர்கள் சங்கக் கூட்டத்தில் ஜெனரேட்டர் புகைக்குழாயின் உயரத்தைக் கேளுங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு எளிது: ஜெனரேட்டரின் திறனைக் குறிக்கும் கே.வி.ஏ. அளவுக்கு வர்க்கமூலம் எடுத்து, 0.2-ஆல் பெருக்கினால் வரும் மீட்டர் அளவு, கட்டடத்தின் உயரத்துக்கு மேலே குழாய் போக வேண்டும். 25 கே.வி.ஏ. என்றால் மொட்டை மாடிக்கு மேல் ஒரு மீட்டர். 100 என்றால் இரண்டு மீட்டர். பல இடங்களில் முதல் மாடி ஜன்னலுக்குக் கீழேயே குழாய் முடிந்துவிடுகிறது. பெரிய ஜெனரேட்டரில் நான்கு விளக்கு மட்டும் எரியவிடுவதும் தவறு. திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான சுமையில் டீசல் முழுதாக எரியாமல் கரியாகப் படியும். லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் மட்டும் ஜெனரேட்டர், வீட்டு விளக்குக்கு இன்வெர்ட்டர் என்று பிரித்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

மின்சாரச் சிக்கனத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஏ.சி.யை 24-ல் வையுங்கள், ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம். துணி துவைப்பதையும் மோட்டார் போடுவதையும் சூரிய மின்சாரம் நிறையக் கிடைக்கும் பகலுக்கு மாற்றுங்கள். நாம் மிச்சம் பிடிக்கும் யூனிட்டின் பலன் முதலில் எண்ணூர், அத்திப்பட்டு மக்களுக்குப் போகிறது. ஆலைகளின் புகையை வீட்டுப் பழக்கங்களால் தடுக்க முடியாது. அதற்குக் கண்காணிப்பும் சட்டமும்தான் வழி.

அறைக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்பதை நம்பிப் பணம் செலவழிக்காதீர்கள். 1989-ல் நாசா செய்த சோதனை காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் நடந்தது. ஜன்னல் திறந்து மூடும் வீட்டில் அதே பலன் கிடைக்க, அறையை நிரப்பினாலும் போதாத அளவு செடி வேண்டும். அழகுக்கு வையுங்கள். காற்றுக்கு நண்பகலில் ஜன்னலைத் திறங்கள், பனிக்கால விடியலில் சாலைப் பக்க ஜன்னலைச் சாத்துங்கள்.

கடைசியாக, பிறர் எரிப்பதை என்ன செய்வது என்பது. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் என்றால் முதலில் பேசுங்கள். உங்கள் கூண்டைக் காட்டி, அவர் வீட்டுச் சருகையும் போடச் சொல்லுங்கள். காலி மனையில், கடைத்தெருவில் தொடர்ந்து எரிந்தால் சென்னையில் மாநகராட்சியின் 1913-க்குப் பேசுங்கள். புகாரில் மனையின் எல்லை அடையாளம், எரியும் நேரம், எரிவது சருகா பிளாஸ்டிக்கா வயரா என்பது, வாரத்தில் எத்தனை நாள் எரிகிறது என்பது எல்லாம் இருக்கட்டும். தீயும் பின்னால் உள்ள கட்டடமும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆள் வந்து பார்க்கும்போது பெரும்பாலும் தீ அணைந்திருக்கும் என்பதால், அதே இடத்துக்கு இரண்டாவது, மூன்றாவது புகார் பதிவாகும்போதுதான் அங்கே வேலியோ குப்பைத் தொட்டியோ வருகிறது. தெருவில் இன்னும் இரண்டு வீட்டாரையும் தனித்தனியாகப் பதியச் சொல்லுங்கள்.